அக்காள்மடத்து செயின்கவரும் என் சிவப்பு வட்டமும்

பரமக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பழைய சைக்கிளில் போக முடியுமா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். முடியும். தை மாதம் ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். தூரம், நேரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் நான் போனது பாலம் பார்க்க அல்ல, கோயிலுக்கும் அல்ல. அக்காள்மடத்தில் சீனி முகமது என்றொருவர் இருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

எங்கள் பழைய சைக்கிள் குழுவுக்கு நான்தான் அட்மின். வாட்ஸ்அப் குழுதான். ஒரு காலத்தில் அறுபத்து நாலு பேர் இருந்தோம், இப்போது பத்தொன்பது. ஆள் குறைந்ததில் பெரும்பங்கு என்னுடையது. யாராவது "வின்டேஜ்" என்று எழுதினால், எந்த வருடத்துக்கு முந்தியதை அப்படிச் சொல்லலாம் என்று பாடம் எடுப்பேன். "மக்காடு" என்று எழுதினால் "மட்கார்டு" என்று திருத்துவேன். எண்ணெய் போட்டுத் துடைத்தவர் "ரெஸ்டோர் பண்ணிட்டேன்" என்று எழுதிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "அது ரெஸ்டோர் அல்ல, சர்வீஸ்" என்று பதில் போட்ட பிறகுதான் சாப்பிடப் போவேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாகச் சேர்பவர் தன் சைக்கிளைப் படமெடுத்துப் போட வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லாத ஒவ்வொரு பாகத்துக்கும் நான் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். வட்டங்களைச் சரிசெய்தால்தான் வருடத்துக்கு ஒருமுறை ராமநாதபுரம் அரண்மனை வாசலிலிருந்து கிளம்பும் எங்கள் ஊர்வலத்தில் இடம். இந்த விதியை எழுதியது நான். கைதட்டியது மற்றவர்கள்.

சீனி முகமது போன வருடம் சேர்ந்தார். பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து அக்காள்மடத்தில் ரோட்டோரம் டீக்கடை போட்டிருக்கிறார். "எங்க அத்தா சைக்கிள், ரெஸ்டோர் பண்ணிட்டேன்" என்று தன் அப்பாவின் வண்டியைப் படமெடுத்துப் போட்டார். இங்கிலாந்தில் செய்த இருபத்தெட்டு அங்குலக் கறுப்பு வண்டி, கம்பி பிரேக், அடித்துச் சொல்வேன், மாவட்டத்திலேயே அப்படி மூன்று இருந்தால் அதிகம். நான் மூன்று வட்டம் போட்டேன். பெல், சீட்டு, செயின்கவர். செயின்கவரில் யாரோ வெள்ளை பெயின்டில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். பக்கத்தில் "கிறுக்கல். ஒரிஜினல் அல்ல. அகற்றவும்" என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து சுத்தமான செயின்கவரோடு இன்னொரு படம் வந்தது. "அனுமதி" என்று போட்டேன். ஊர்வலத்துக்கு அவர் வரவில்லை. அன்று மாலையே குழுவை விட்டும் போய்விட்டார். என்ன காரணம் என்று கேட்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

இனி பயணம். காலை 4.45க்குப் பரமக்குடி ஐந்துமுனையிலிருந்து கிளம்பினேன். ராமநாதபுரம் 37 கிலோமீட்டர். கியர் இல்லாத, இருபது கிலோ எடையுள்ள வண்டியில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். சாலை நன்றாக இருக்கிறது, ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் போக இடம் உண்டு. இருட்டில் டைனமோ வெளிச்சத்தை நம்பாதீர்கள், நின்றால் விளக்கும் நின்றுவிடும். பின்னால் மின்னும் சிவப்பு விளக்கு ஒன்று மாட்டியிருந்தேன். அது கம்பெனி விளக்கு அல்ல. என் வண்டிக்கு நான் வட்டம் போட்டுக்கொள்வதில்லை.

7.40க்கு ராமநாதபுரம். நான்கு இட்லி, ஒரு வடை, காபி, 75 ரூபாய். அங்கே தங்கராசு சேர்ந்துகொண்டான். சிக்கல் என்ற ஊர்க்காரன், மிளகாய் விவசாயம், குழுவில் என்னோடு சண்டை போட்டும் வெளியேறாத ஒரே ஆள். முந்தின நாளே மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தான்.

"ஏப்பா, சைக்கிள 'ஓட்டுறது'ன்னு சொல்லணுமா, 'மிதிக்கிறது'ன்னு சொல்லணுமா? கெளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிரு. பெறகு வழியில நிறுத்தித் திருத்தாத" என்றான்.

சிரித்தேன். சிரிப்பு முழுதாக வரவில்லை.

8.30க்குக் கிளம்பி 10.05க்கு உச்சிப்புளி, 18 கிலோமீட்டர். தை, மாசியில் வாடைக்காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து அறையும். வரைபடத்தைப் பார்த்து நேரம் கணக்குப் போடுகிறவர்கள் அரை மணி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். டீ 12 ரூபாய். கடையில் ஒருவர் எங்கள் வண்டிகளைச் சுற்றிவந்து, "வேண்டுதலாண்ணே?" என்று கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்வி எனக்கு எரிச்சல் மூட்டும். அன்று தங்கராசு முந்திக்கொண்டான். "ஆமாண்ணே, இவருக்கு மட்டும்" என்றான்.

உச்சிப்புளியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் பனையும் கருவேலமும் மாறி மாறி வரும், கடை குறையும். மண்டபம் 12.20. மீன் சாப்பாடு 150 ரூபாய், குழம்பு நன்றாக இருந்தது, நான் பாதியில் எழுந்தேன். என்ன பேசுவது என்று பரமக்குடியிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். "அன்னைக்குக் கொஞ்சம் கடுமையா எழுதிட்டேன், திரும்ப குழுவுக்கு வாங்க" என்பதுதான் திட்டம். உள்ளதைச் சொன்னால், அந்த வண்டி குழுவில் இல்லையே என்ற வருத்தமும் அதில் பாதி இருந்தது.

பாம்பன் சாலைப்பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று கூடுதல். நடுவில் மேடு, அங்கே காற்று பக்கவாட்டில் தள்ளும். இறங்கி உருட்டினோம். புது ரயில் பாலத்தைப் படமெடுக்கக் காரை நிறுத்துகிறவர்கள் கதவைச் சட்டென்று திறப்பார்கள், கவனம். பாம்பனிலிருந்து அக்காள்மடம் பக்கம்தான். 2.35க்குச் சீனி முகமதுவின் கடை முன்னால் இறங்கினோம்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வண்டிகளைப் பார்த்ததுமே யாரென்று புரிந்துவிட்டது. "வாங்கண்ணே, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீக" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டார். டீ போட்டுக் கொடுத்தார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அதுலாம் ஒண்ணுமில்லண்ணே. நீங்க வெவரம் தெரிஞ்சவுக, சொன்னீக. அத்தா சைக்கிள் அரண்மனை வாசல்ல போய் நிக்கணும்னு எனக்கு ஆச. அதான் உப்புத்தாள் வச்சுத் தேச்சுட்டேன்."

"பெறகு ஏன் தம்பி வரல?"

கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. செயின்கவரில் ஒரு முழ நீளத்துக்கு வெறும் தகரம், உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தது.

"இந்த எடத்துல எங்க மூணு பேர் பேரும் இருந்துச்சுண்ணே. நூருன்னிசா, ஜெமிலா, பெறகு நான். அத்தா எழுதுனது. அவுக நாப்பது வயசுக்கு மேலதான் எழுதப் படிச்சாக. முதமுதல்ல எழுதிப் பாத்தது இதுலதான். என் பேரு நீளமில்லையா, எடம் பத்தல. கடைசி 'து'வ மட்டும் கீழ எறக்கி எழுதிட்டாக."

எனக்கு அந்த 'து' ஞாபகம் இருந்தது. வட்டம் போடும்போது அதைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான்.

"அவுக மௌத்தானப்ப நான் துபாய்ல இருந்தேன். வர முடியல. அவுக கையெழுத்துன்னு வேற எதுவும் வீட்டுல கெடையாது. ஊர்வலத்துக்கு முந்துன நாளு நூரு அக்கா வந்தாக. சைக்கிளப் பாத்தாக. 'எங்கடா எங்க பேரு?'ன்னு ஒரே வார்த்த. சோறு திங்காம எந்திரிச்சுப் போனவுகதான், இன்னைக்கு வரைக்கும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. பெருநாளைக்கும் வரல."

தங்கராசு என்னைப் பார்க்கவில்லை, துருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாததுதான் குற்றம். அந்த எழுத்து யாருடையது என்று ஒரு வரி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். "பெயின்ட் என்ன வகை?" என்று கேட்டேன், "சீட்டு எங்கே வாங்கியது?" என்று கேட்டேன், அதைக் கேட்கவில்லை.

"நீங்க குழுவுல போட்ட மொத படம் இருக்குல்ல தம்பி?"

"மச்சான் வல்லத்துல போனப்ப போன் கடல்ல விழுந்துருச்சுண்ணே. உங்ககிட்ட இருக்குமான்னு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். அக்காகிட்டக் காட்டுனா மனசு எறங்குவாகளோன்னு. ஆனா குழுவ விட்டு வந்துட்டு எப்படிக் கேக்குறதுன்னு இருந்துட்டேன்."

குழுவில் அந்தப் படம் இல்லை. பழைய சண்டைகளைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று, தொண்ணூறு நாளில் எல்லாச் செய்தியும் தானாக அழியும்படி வைத்தவன் நான். என் போனிலும் அசல் படம் இல்லை. இடம் அடைக்கிறதென்று, வட்டம் போட்டுச் சேமித்ததும் அசலை அழித்துவிடுவேன். மிச்சம் இருந்தது "குறைகள்" என்று நான் பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். நாற்பத்தொரு படம். அதில் அவர் வண்டியும் இருந்தது, மூன்று சிவப்பு வட்டத்தோடு.

வேறு வழியில்லை. அதை அவருக்கு அனுப்பினேன்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைக்கு வந்த இரண்டு பேர் டீ கேட்டு, பதில் வராமல் நின்றார்கள்.

"அக்காமாரு பேரு நல்லாத் தெரியுதுண்ணே" என்றார். "என் பேருதான், கடைசி எழுத்து உங்க கோட்டுக்குள்ள போயிருச்சு."

குத்திக் காட்டவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். அங்கேயே நின்று அதை நூருன்னிசா அக்காவுக்கு அனுப்பினார். அவர் பார்த்துவிட்டார் என்று நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று தவித்தது. "பரமக்குடியில ஒரு பெயின்டர் இருக்காரு தம்பி. இந்தப் படத்தக் குடுத்தா எழுத்துக்கு எழுத்து அப்படியே எறக்கிருவாரு. கோணலும் மாறாது. செயின்கவர நானே கொண்டுபோய்ச் செஞ்சு கொண்டாறேன்" என்றேன்.

"வேணாண்ணே" என்றார். "நீங்கதானே சொல்வீக, பெறகு செஞ்சு வச்சா அது ஒரிஜினல் இல்லன்னு."

கிளம்பும்போது டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அங்கிருந்து ராமேஸ்வரம் 9 கிலோமீட்டர். முக்கால் மணியில் போகவேண்டிய தூரம், ஒரு மணி நேரம் ஆனது. தங்கராசு ஒரே ஒருமுறைதான் பேசினான். "நீ வட்டம் போட்டப்ப நானும் கைதட்டுனேன்ப்பா" என்றான்.

உங்கள் பயணத்துக்கு: ராமேஸ்வரத்தில் இரண்டு பேர் தங்க 900 ரூபாய்க்கு சுத்தமான அறை கிடைத்தது, சைக்கிளை உள்ளே வைக்க விடுகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். திரும்பும்போது ஞாயிறு காலை பரமக்குடி போகும் மினி லாரியில் இரண்டு வண்டியையும் ஏற்றி வந்தோம், 600 ரூபாய். காற்று பின்னாலிருந்து வரவேண்டும் என்றால் ஆடியில் போங்கள், ஆனால் வெயில் தாங்க வேண்டும். இரண்டு டியூப், ஒரு பம்பு, வால்வு டியூப் கட்டாயம். கடலோரம் போய்வந்த வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடுங்கள்.

ஊர் வந்ததும் செய்திகள் அழியும் அமைப்பை எடுத்துவிட்டேன். வட்டம் போடும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டேன், இனி சைக்கிளைப் போடுகிறவரே அதைப் பற்றி நான்கு வரி எழுதட்டும், "மக்காடு" என்றே எழுதட்டும். சீனி முகமதுவின் முதல் படத்தை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று மற்ற பதினெட்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோரும் தேடினார்கள். எல்லோரிடமும் இருந்தது சுத்தமான செயின்கவர் படம்தான். நான் "அனுமதி" என்று எழுதியது.

செவ்வாய்க்கிழமை காலை சீனி முகமதுவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா நேத்துப் பேசுனாக அண்ணே. செவப்பு இல்லாத படம் இருக்கான்னு கேக்குறாக."

இல்லை என்று எழுத வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன், அந்த ஒரு வார்த்தையை இன்னும் எழுதவில்லை.