ரொக்கம் கடன் கேட்ட கதை

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் 'ரொக்கம்' என்றே பெயர். சோபா, நாற்காலிகளுக்கு உறை மாற்றித் தைக்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு கண்டு நூல் வாங்கினாலும் காசை மேஜையில் வைத்துவிட்டுத்தான் நூலைத் தொடுவார். டீக்கடையில்கூட முதலில் சில்லறை, பிறகுதான் டம்ளர். கூடப் போகிற எனக்கு மானம் போகும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு, ஒரு தியேட்டரின் இருக்கைகள் முழுவதற்கும் உறை மாற்றும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அவர் வாழ்நாளில் பார்த்திராத வேலை. ஆனால் துணி, ஸ்பாஞ்ச் எல்லாம் முதலில் இவர் வாங்கிப் போட வேண்டும். பணம் வேலை முடிந்த பிறகுதான். சரி, வங்கியில் கேட்போம் என்று கூட்டிப் போனேன்.

மேலாளர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க கடை பேர்ல ஒண்ணுமே இல்லையே சார்."

"கடனே கிடையாது சார். அதான் விசேஷம்," என்றார் மாமா பெருமையாக.

"அதான் சார் பிரச்சினை. வாங்கிக் கட்டினாத்தானே நீங்க கட்டுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குடிக்காதவனிடம், குடித்துவிட்டு நிறுத்திக் காட்டு என்கிறார்கள். வழியையும் அவரே சொன்னார்: சரக்குக் கொடுப்பவரிடம் கடை பெயரில் பில் போட்டுத் தவணைக்கு வாங்கி, சொன்ன தேதியில் வங்கி வழியாகக் கட்ட வேண்டும். சில மாதங்களில் கடைக்கென்று ஒரு கடன் வரலாறு உருவாகிவிடுமாம். நல்லவேளை, தியேட்டர் வேலை தொடங்கவும் அத்தனை மாதங்கள் இருந்தன.

மாமா ஸ்பாஞ்ச் கடைக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தடவ ஒரு மாசம் தவண குடுங்கண்ணே" என்றார்.

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னப்பா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

விளக்கினோம். தலையாட்டினார். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. சரக்கைக் கொடுத்த கையோடு செய்தியைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். மறுவாரமே ஒரு அம்மாள் வந்து, பாதி தைத்த சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார். அக்காவை வழியில் நிறுத்தி, "நகை ஏதாச்சும் மிச்சமிருக்கா?" என்று துக்கம் விசாரித்தார்கள். யாருக்கும் பைசா பாக்கி வைக்காத மனிதர்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு தேதி தவறாமல் கட்டினார். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடன்காரனாக உட்கார்ந்திருப்பது அவர் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் வங்கி சம்மதித்தது. அதே வாரம் தியேட்டர் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க நொடிச்சுப் போயிட்டதா ஊரே பேசுது. நம்பி எப்படிக் குடுக்கறது? உங்க நிலைமை நல்லா இருக்குன்னு பேங்க்ல எழுதி வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்."

வங்கிக்கு ஓடினோம். மேலாளர் எழுந்து நின்று கைகுலுக்கினார். "உங்க கடைக்கு இப்ப நல்ல பேரு சார். இன்னும் பெரிய லோனே தரலாம்."

"அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். தியேட்டர்காரர்கிட்ட காட்டணும்," என்றார் மாமா.

மேலாளர் பதறிப்போனார். "ஐயய்யோ, அதெல்லாம் ரகசியம் சார். வெளியாளுக்குக் காட்ட நாங்க எழுதித் தரக் கூடாது."

மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கடன் வாங்கியது தெருவுக்கே தெரியும். ஒழுங்காகக் கட்டியது மட்டும் ரகசியமாம். தியேட்டர் வேலை வேறு ஆளுக்குப் போனது.