இறக்கிய இடம்

தில்லைநாதன் எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறப்பார். நோர்வேத் தலைநகரின் ஹெல்ஸ்ப்யூர் டாக்ஸித் தரிப்பிடத்தில் வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் தொலைபேசியைத் தடவுவார்கள், இறங்கி நின்று சிகரெட் பிடிப்பார்கள், சம்பளமில்லாமல் உலக அரசியலைத் திருத்துவார்கள். இவர் நெற்றியில் ஏற்றிவைத்த மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, நூலகத்தில் இரவல் வாங்கிய தடித்த நோர்வேஜியப் புத்தகமொன்றின் கடைசிப் பக்கங்களில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பார். சொற்களை அகரவரிசையில் அடுக்கியிருக்கும் அந்தப் பக்கங்களில் 'டாக்ஸி' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவார். பெரும்பாலும் இருக்காது. இருந்தால் அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு பக்க எண் இருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டி ஒரு வரியைப் படித்துவிட்டு, "உந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் எழுதுறாங்கள்" என்று புத்தகத்தைப் பக்கத்து இருக்கையில் போடுவார். அதற்குள் வரிசை நகர்ந்திருக்கும். பின்னால் நிற்பவன் ஹோன் அடிப்பான்.

புத்தகங்கள் எல்லாமே ஒரு விஷயத்தைப் பற்றியவை. உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அவர்களுக்குக் கைகட்டி நின்ற உள்ளூர்ப் பாசிச ஆட்சி தனக்கென்று ஒரு அரசுப் பொலிசை வைத்திருந்தது. கிர்க்கெவையன் தெருவில் அதற்கு அலுவலகம். ஒற்றர்கள், ஒட்டுக் கேட்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்துவிட்டு மறுநாள் அவனுடைய மனைவிக்கு வணக்கம் சொல்பவர்கள் எல்லாரும் அந்தப் படியேறி இறங்கினார்கள். பிடிபட்டவர்களை அடித்தார்கள், மறைத்தார்கள், கப்பலேற்றினார்கள். "ஜெர்மன்காரன் செய்தது எண்டு நினைச்சுப்போடாதையுங்கோ. முழுக்க இந்த ஊர்ப் பெடியள். சந்து பொந்தெல்லாம் தெரிஞ்சவங்கள்" என்பார் தில்லைநாதன், ஏதோ அந்தப் பொலிசில் இவருக்கும் சொந்தக்காரர் இருந்த மாதிரி.

ஒரு இலையுதிர்காலத்தில் அந்தப் பொலிஸ் முதலில் யூத ஆண்களைப் பிடித்தது. ஒரு மாதம் கழித்துப் பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் பிடிக்கக் கிளம்பியது. அவ்வளவு சனத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் பொலிசிடம் வாகனம் போதவில்லை. ஆகவே நகரத்தின் டாக்ஸிகளில் நூறைப் பிடித்தார்கள். சின்சன் சந்தியில் நெரிசலில் அகப்பட்டு நின்றபோது வானொலியில் இதைக் கேட்டார் தில்லைநாதன். பச்சை விழுந்தது. இவர் நகரவில்லை. அன்றைக்கு வெஸ்ட்லியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சாப்பிடாமல் நூலகத்துக்கு நடந்தவர்தான், இன்றுவரை அந்த நடை நிற்கவில்லை.

நண்பர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. அதே வரிசையில் டாக்ஸி வைத்திருக்கும் சச்சிதானந்தன் கண்ணாடியில் தட்டிக் கேட்பார்: "என்ன தில்லையண்ணை, எண்பது வரியத்துக்கு முந்தின பொலிசோடை உமக்கென்ன கொழுவல்? பிடிச்சவன் செத்திட்டான், பிடிபட்டவனும் செத்திட்டான்."

"பொலிசோடை எனக்கொரு கொழுவலுமில்லை. உந்தப் புத்தகங்களிலை பொலிசுக்கு நானூறு பக்கம். ஓட்டினவனுக்கு ஒரு வரி. அவன் எந்த ரோட்டாலை போனவன், எங்கை நிப்பாட்டினவன், ஆர் இறங்கினது, ஒண்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை. நூறு பேர் ஐசே!"

தில்லைநாதனுக்கு முகங்கள் நினைவிருக்காது. சொந்த மைத்துனனை லோறென்ஸ்கூக் கல்யாண மண்டபத்தில் கண்டு, யாரோ மாப்பிள்ளை வீட்டார் என்று கைகூப்பியவர். ஆனால் தன் வண்டியில் ஏறிய ஒருவரை எங்கே இறக்கினார் என்பதை மறக்கவே மாட்டார். குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், "நீங்கள் ஆஸ்பத்திரிப் பின் வாசல். குழந்தையோடை. மழை" என்றார். அவள் கையிலிருந்த காய்களோடு ஒரு கணம் மலைத்து நின்றாள். அந்தக் குழந்தை இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறதாம். "ஓட்டுறவனுக்கு உது மறக்காது. ஏறின இடம் மறக்கும், இறக்கின இடம் மறக்காது" என்று அவர் சொல்லும்போது அதில் பெருமையடிப்பது கொஞ்சமும் இல்லை. அது அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் அவர் பதினேழு பதினெட்டு வருடமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய தம்பி நகுலேசன் வெளிநாடு வரும் அலுவலாகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தவன். ஒருநாள் காலை வாசலில் இலக்கத்தகடில்லாத வான் ஒன்று வந்து நின்றது. மூன்று பேர் உள்ளே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். அவ்வளவுதான். விடுதிக்காரர் தொலைபேசியில் விவரம் சொன்னபோது, அந்த மூன்று பேரின் முகம் ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. பயத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒன்று மட்டும் பார்த்திருக்கிறார். வானை ஓட்டி வந்தவன் இறங்கி, மடித்த பேப்பர் ஒன்றால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறுதலாக, நல்ல பொறுமையாக. சின்ன வயதுக்காரனுமில்லை, கிழவனுமில்லை.

முறைப்பாடு கொடுக்காத இடமில்லை, ஏறாத படியில்லை. எல்லா இடத்திலும் "யார் பிடித்தது?" என்றுதான் கேட்டார்கள். தில்லைநாதனுக்கு அந்தக் கேள்வியில் ஆசையே விட்டுப்போயிற்று. "பிடிச்சவங்கள் வாய் திறக்க மாட்டாங்கள். திறந்தால் அவங்கட தலை போயிடும். ஓட்டினவன் வேறை. அவன் என்னைப்போலை ஒருத்தன். பெஞ்சாதி பிள்ளையிருக்கும். அந்த இடத்தாலை போகேக்கை அவனுக்கு ஞாபகம் வரும். எனக்கு அவனைக் கண்டால் போதும்."

கண்டால் என்ன கேட்பதென்றும் தயாராக வைத்திருக்கிறார். கொழும்பில் வேலை செய்த காலத்துச் சிங்களம் இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத வண்டியில், மழை கழுவும் தெருக்களில், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பார்: "மகே மல்லிவ கொஹெத பெஸ்ஸுவே?" என் தம்பியை எங்கே இறக்கினாய்? கொஞ்சம் குரல் உயர்ந்தாலும் அவன் பயந்துவிடுவான் என்று மறுபடி தாழ்த்திச் சொல்வார். ஒரு சக ஓட்டுநரிடம் வழி கேட்கிற குரலில் அது வரவேண்டும். வந்ததாக ஒருநாளும் அவருக்குத் திருப்தியில்லை.

மனைவி சிவமலர் பொறுமைசாலி. ஆனாலும் ஒவ்வொரு அமாவாசைக்கும் கதை அங்கேதான் வந்து முட்டும். "இஞ்சருங்கோ, ஐயர் சொல்லுறார், நாள் தெரியாட்டியும் ஒரு அமாவாசையிலை திவசம் செய்யலாமாம். அவனும் அலையாமல் இருப்பான்தானே" என்பாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

"நாளைப் பற்றி ஆர் கதைச்சது? இடம் தெரியாமல் ஆரை எங்கையிருந்து கூப்பிடுறது?" என்பார் இவர். அதோடு சாப்பாடு ஆறிவிடும். உயிரோடு இருக்கிறான் என்று அவர் நம்பவில்லை. அந்தப் பொய்யைத் தனக்கே சொல்லிக்கொள்ளுமளவுக்கு அவர் சிறுபிள்ளையில்லை. ஒரு சந்தி, ஒரு வாசல், ஒரு கடற்கரை, ஏதாவது ஒரு துண்டு நிலம் அவருக்கு வேண்டும். அங்கே போய் நிற்கவேண்டும். அந்த ஏக்கம் அவரைத் தின்கிறது. மெலிந்த உடம்புக்குச் சீனி வியாதி காரணமென்று வைத்தியர் சொல்வது பாதிதான் சரி.

செவ்வாய்க்கிழமைகளில் சாகெனெயிலிருந்து ஒரு மூதாட்டியை மருத்துவமனைக்கு ஏற்றிப் போவது அவருடைய நிரந்தர ஓட்டம். பெயர் தூர்டிஸ். எண்பதைத் தொட்டவர், கைத்தடி, சிவப்புத் தொப்பி, யாருக்கும் இடம் கொடாத வாய். பின்னால் உட்கார மாட்டார். முன் இருக்கையில் கிடக்கும் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், இறங்கும்போது இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார். என்ன புத்தகமென்று ஒருநாளும் கேட்டதில்லை. இவருடைய நோர்வேஜியத்தை மட்டும் திருத்துவார்.

போன நவம்பரில், பனியும் மழையும் கலந்து கொட்டிய ஒரு செவ்வாய், அவர் அந்தப் புத்தகத்தைத் திறந்தார். இவரைப் போலவே பின்னாலிருந்து. சற்று நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"என் அப்பாவும் டாக்ஸி ஓட்டியவர்தான்" என்றார். "அந்த நூறில் ஒன்று அவருடையது."

தில்லைநாதன் வண்டியை ஓரங்கட்டினார். இத்தனை வருடம் தேடிய ஓட்டுநர் மகளின் உருவில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் துடைப்பான்கள் அங்குமிங்கும் போய்வந்தன.

"கோபமா?" என்று கேட்டார் தூர்டிஸ்.

"இல்லை. சொல்லுங்கள்."

அவர் சொன்னார். விடிகாலையில் ஒரு பொலிஸ்காரன் முன்னால் ஏறினானாம். பின்னால் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். வழியில் யாரும் பேசவில்லை. துறைமுகத்தில் வண்டி நின்றதும் அப்பா பழக்கதோஷத்தில் இறங்கிப்போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டார், யாருக்கும் செய்கிற மாதிரி. அந்தப் பெண்ணும் பழக்கதோஷத்தில் நன்றி என்றாள்.

"அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் அவர் மிச்ச ஆயுளை ஓட்டினார்" என்றார் தூர்டிஸ். "யுத்தம் முடிந்து விசாரணைகள் நடந்தபோது யாராவது வந்து கேட்பார்களென்று இருந்தாராம். நான் வளர்ந்த பிறகும் அப்படித்தான். கதவில் மணியடித்தால் அவர்தான் முதலில் எழும்புவார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போய்த் திறப்பார். பால்காரன் நிற்பான், பக்கத்து வீட்டுப் பிள்ளை நிற்கும். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. சாவதற்கு முந்திய கோடையில் என்னைக் கூட்டிப்போய், இறங்காமல், காருக்குள் இருந்தபடியே இடத்தைக் காட்டினார். என்னையும் இதுவரை யாரும் கேட்டதில்லை."

தில்லைநாதன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். இத்தனை காலமும் அவருடைய மனதில் அந்த வான்காரன் ஒளிந்துகொண்டிருப்பவன். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவன். அவனும் எங்கேயோ ஒரு சமையலறையில் உட்கார்ந்து, யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஒருநாளும் இவருக்குத் தோன்றியதில்லை. ஒரு கடலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்வி. பாவி மனிசன், அழுதுவிட்டார். தூர்டிஸ் கைப்பையைத் துழாவி ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

முகத்தைத் துடைத்தபின் தில்லைநாதன் அவர் பக்கம் திரும்பினார். குரல் தானாகவே தாழ்ந்து வந்தது.

"உங்கள் அப்பா அவர்களை எங்கே இறக்கினார்?"

தூர்டிஸ் இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டார். "காட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பிந்தினால் பிந்தட்டும், அவர்கள் என்னை எத்தனை தரம் காக்கவைத்திருக்கிறார்கள்" என்றார்.

கோட்டைச் சுவரை ஒட்டித் துறைமுகத்துக்கு இறங்கினார்கள். கோடையில் உல்லாசப் பயணிகளின் கப்பல் மலைபோல் நிற்கும் கரை. அன்று வெறுமையாகக் கிடந்தது. அந்த நாளின் நினைவுக்காக வைத்திருக்கும் உட்காரும் பலகையில்லாத இரும்பு நாற்காலிகள் புல்வெளியில் நனைந்துகொண்டிருந்தன. தில்லைநாதன் அங்கே வண்டியை மெதுவாக்கினார். தூர்டிஸ் தலையசைத்தார். இதுவல்ல, இன்னும் கொஞ்சம். கொஞ்சம் தள்ளி, கரைக்குப் போகும் ஒரு சாதாரணத் தார்த் துண்டுக்கு முன்னால் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினார்.

"அந்த இடந்தான். காரின் மூக்கு கோட்டையைப் பார்த்தபடி. பின் கதவு கடல் பக்கம்."

அங்கே ஒன்றுமேயில்லை. ஒரு மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி, உருகிக்கொண்டிருந்த பனி, யாரோ போட்டுவிட்டுப் போன காப்பிக் கோப்பை. தில்லைநாதன் எஞ்சினை நிறுத்தினார். ஈரக்காற்று முகத்திலடிக்க இறங்கி நின்றார். தம்பியின் பெயரை அவர் வாய்க்குள் சொல்வது உள்ளே இருந்த தூர்டிசுக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது. பிறகு காரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சப்பாத்து நாடாக்களை அவிழ்த்தார்.

"என்ன செய்கிறீர்கள்? கால் விறைத்துப்போகும்!" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தினார் மூதாட்டி.

தில்லைநாதன் காலுறைகளையும் கழற்றிச் சப்பாத்துக்குள் செருகினார். சோடியாக அவற்றைக் காரின் சில்லுக்குப் பக்கத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்தத் தார்த் துண்டை நோக்கி நடந்தார்.