துடக்கோடு தட்டிய தாளம்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் செவன் கிங்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கியது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கிழமை நாட்களில் சூப்பர்மார்க்கெட்டில் வேலை. சனி, ஞாயிறில் எங்கள் குடும்ப மேளத்தில் தாளம். அப்பா நாதஸ்வரம், அண்ணா தவில். நாலு தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்கள் செய்துவந்த தொழில். ஊரில் என்றால் தாளத்தைப் பெண்பிள்ளை கையில் கொடுத்திருக்கமாட்டார்கள். லண்டனில் ஆளில்லாதபடியால் எனக்கு அந்த யோகம் அடித்தது.

அன்று ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாணம். அண்ணா வாசலில் நின்ற வான் வண்டியில் தவிலை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா மேலே பட்டுவேட்டி கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து மாமா. யாழ்ப்பாணத்தில் பெரியப்பா இறந்து நாலு நாளாகிவிட்டதாம். சண்டையில் பாதை பூட்டு. ஆள் வந்து சொல்லித்தான் தனக்கே தெரியும் என்றார்.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். இருபத்தைந்து வருடம் இருவரும் சோடியாக வாசித்தவர்கள். அப்பாவை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, கோயிலை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார்.

இரத்த உறவில் சாவு என்றால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டுக் காக்கவேண்டும். மணவறைப் பக்கமே போகக்கூடாது. ஆனால் மூன்று மணித்தியாலத்தில் முகூர்த்தம். லண்டனில் அந்த அவசரத்துக்கு வேறு மேளம் எங்கே பிடிப்பது? மேளமில்லாமல் தாலி ஏறினால் எங்களை இனி யார் கூப்பிடுவார்கள்? காதில் விழுந்த நேரம் முதல்தான் துடக்கு என்பார்கள். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் அப்பாவுக்குத் துடக்கில்லை. பின்னேரம் சொன்னால் போச்சு. எனக்கு இந்தத் துடக்கில் நம்பிக்கையும் இல்லை. இரண்டு நிமிடத்தில் கெட்டிக்கார லோயர் மாதிரி எல்லாவற்றையும் எனக்கு வசதியாக யோசித்து முடித்துவிட்டேன்.

"ஆர் பிள்ளை?" என்று அப்பா மேலேயிருந்து கேட்டார். ராங் நம்பர் என்றேன்.

அன்றைக்கென்று அப்பா அப்படி வாசித்தார். பெண்வீட்டார் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அதை வாசியுங்கோ, இதை வாசியுங்கோ என்று அவரைச் சுற்றி ஒரே கூட்டம். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் குனிந்துகொள்வேன். தாலி கட்டும்போது கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் அடிப்பது. என் விம்மலும் அதற்குள் போய்விட்டது.

பந்தியில் அப்பா பாயாசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் என் இலையை மடித்துவிட்டு எழும்பிவிட்டேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், கோட்டைக் கழற்றமுன்பே சொல்லிவிட்டேன். அண்ணா கத்தினார். அப்பா கத்தவில்லை. டெலிபோன் கோல் எப்போது வந்தது என்று மட்டும் கேட்டார். காலமை, கலியாணத்துக்குப் போகமுன்பே என்றேன். அப்படியே படியில் குந்திவிட்டார்.

"அண்ணை செத்துப்போய்க் கிடக்க நான் சிரிச்சுச் சிரிச்செல்லோ வாசிச்சனான், பிள்ளை" என்றார்.

அவருக்குத் தெரியாதுதானே, துடக்கில்லைத்தானே என்று இழுத்தேன்.

"உனக்குத் தெரியும்தானே. நீயெல்லோ மணவறைக்குப் பக்கத்திலை இருந்தனி."

அதை நான் யோசிக்கவே இல்லை. என் கணக்கில் நானே இல்லை.

அடுத்த நாள் காலை, வேண்டாம் என்று அண்ணா மறித்தும் கேளாமல், பெண்வீட்டுக் கதவைத் தட்டி அப்பா உள்ளதைச் சொன்னார். பிழை தன்னுடையது என்றார். என் பெயரை எடுக்கவில்லை. அவர்கள் வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து அவர்களுடைய இளைய மகளின் கலியாணத்தில் மேளத்துக்குப் பதிலாகக் கசட் போட்டுத்தான் தாலி கட்டினார்களாம்.

துடக்கில் எனக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. அப்பா அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணத்துக்கு வாசித்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். ஆனால் வாசிக்கும்போது அவர் சிரித்ததை நான் பிறகு ஒருநாளும் காணவில்லை. அவர் அழவேண்டிய ஒரு பகலை நான் மறித்துவைத்தேன், அதனால் அவருடைய சிரிப்பே போய்விட்டது என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.