படத்தில் மட்டும் குடித்தவர்

மோட்டாரண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது ஊரே வேறு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் சலவை ஆலையில் அவருக்கு வேலை. ஆள் உயர டிரம், அதைச் சுற்றும் மோட்டார், சுவரில் ஒரு சுவிட்ச். அடைப்பெடுக்க டிரம்முக்குள் இறங்குகிறவன் தன் தோள் துண்டைச் சுவிட்சின் மேல் போட்டுவிட்டுப் போவான். துண்டு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூட்டு, பலகை, மணி ஒரு மண்ணும் கிடையாது, துண்டுதான் சட்டம். ஒருநாள் அவருடைய கூட்டாளி உள்ளே இருந்தபோது, அந்த வழியாக வந்த சூப்பர்வைசர் கை துடைக்க அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மோட்டாரண்ணன் வந்து பார்த்தார். துண்டு இல்லை. சுவிட்சைப் போட்டார். பாவி மனிதர், கூட்டாளியின் உயிரோடு அவர் தூக்கமும் போயிற்று.

ஒரு மாதம் கழித்துக் கூட்டாளியின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவன் மனைவி திட்டவில்லை. "உள்ள வாங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் போவார். ஒழுகும் குழாயைச் சரிசெய்வார், ஒரு டீ குடிப்பார், வருவார். அந்த டீதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

செத்தவனின் தம்பி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் கதையை நாவலாக எழுதினார். சூப்பர்வைசர் கை துடைத்ததற்கு மட்டும் நாலு பக்கம். அந்தப் பக்கங்களைக் கூட்டாளியின் மனைவி வாசித்துக் காட்டியபோது மோட்டாரண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு நாவல் படமாயிற்று. படத்தில் சூப்பர்வைசரே இல்லை, ஆள் மாயம்! மோட்டார்காரன் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறான், கிடக்கிற துண்டைத் தட்டிவிட்டுச் சுவிட்சைப் போடுகிறான்.

கொடுமை என்னவென்றால், படம் நன்றாக இருந்தது. மட்டமாக எடுத்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பார். "ஐயோ, போடாதடா!" என்று தியேட்டரில் கத்தியவர்களில் அவரும் ஒருவர். வெளியே வரும்போது பக்கத்துச் சீட்டுக்காரர், "அந்தக் குடிகாரப் பயல நிக்க வெச்சுச் சுடணும்" என்றார். இவரும் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் யாரைச் சொல்கிறார் என்று உறைத்தது.

நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

"என்ன வாத்தியாரே, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நானா எடுத்தேன்? டைரக்டர் எடுத்தாரு. நாலு பக்கத்த எப்படிண்ணே காட்டுறது? பாக்குறவங்களுக்குப் பளிச்சுனு ஒரு காரணம் வேணும்ல. புத்தகம் வேற, படம் வேற. படம் தன் சொந்தக் கால்ல நிக்கணும்."

"நிக்கட்டும்யா. ஏறி நிக்க என் நெஞ்சுதான் கெடச்சுதா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "உங்கள யாருண்ணே அடையாளம் கண்டுக்கப் போறா?" என்று முனகினார்.

ஊர் என்ன நினைத்தால் என்ன, அவள் நினைப்பதுதான் அவருக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனார். கதவு பாதிதான் திறந்தது. தங்கையோடு போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"நான் குடிக்கிறவன் இல்லம்மா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணா. புத்தகம் என் தலமாட்டுலதான் இருக்கு. நேத்துகூட அந்த நாலு பக்கத்தையும் படிச்சேன்." கதவுப் பிடியை அவள் விடவில்லை. "படிச்சு என்ன பண்றது? கண்ண மூடுனா அவன்தான் தள்ளாடிக்கிட்டு வர்றான். உங்க மூஞ்சியோட வர்றான்."

அவர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு வரட்டுமா?"

"வேணாம்ணா."

தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

"உங்க மேல தப்பில்லண்ணா" என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைச் சாத்தினாள்.