மானம் காத்த பழுதான லிப்ட்

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றில் முதலாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் காயப்போட்ட வேப்பம்பூ வடகத்தின் மேல் ஒருநாள் தண்ணீர் கொட்டியது. ஆறாம் மாடிக்குப் புதிதாக வந்த மதி, வாளி வாளியாக ஊற்றிப் பல்கனி கழுவுபவள். அவள்தான் என்று முடிவு கட்டி, நாலு கேள்வி கேட்கப் புறப்பட்டேன். லிப்ட் பழுது. படியேறிப் போய்க் கதவைத் தட்டியபோது பேச்சு வரவில்லை, மூச்சுத்தான் வந்தது.

“ஐயோ அக்கா, இருங்கோ, தண்ணி குடியுங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டாள் மதி. “உங்கட வீட்டுக்கும் வந்திட்டுதோ? மொட்டைமாடியில தண்ணித் தாங்கி நிரம்பி வழியுது. பிள்ளையின்ர புத்தகமெல்லாம் நனைஞ்சு போச்சு.”

சொல்ல வந்ததைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, புத்தகங்களைத் துடைக்க உட்கார்ந்தேன்.

லிப்டை இப்போது திருத்திவிட்டார்கள். ஆனாலும் கோபத்தோடு ஒரு வீட்டுக்குப் போவதென்றால் நான் படியில்தான் ஏறுவேன். பல தடவை பாதியிலேயே திரும்பி வந்திருக்கிறேன்.