துடைக்கத் துடைக்கப் பெரிதான கறை

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்காது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் ஆறு நாள் கால் கடுக்க நிற்பவனுக்கு ஏழாம் நாள் கசக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான்.

என் மனைவி நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு அங்கே வேலை கிடையாது, அவளுக்கு இங்கே மாறுதல் கிடையாது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஒன்றாக இருப்போம். மற்ற நாளெல்லாம் அவள் அங்கே மகளோடு. நான் இங்கே குவார்ட்டர்ஸில் இரண்டு அறையோடும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடும். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

வேலை நாளில் தனிமை தெரியாது. சங்கு ஊதி எழுப்பிவிடும், கேன்டீன் சோறு போடும், ஷிஃப்ட் முடிந்து வந்தால் உடம்பு தானாகக் கட்டிலில் விழும். ஞாயிற்றுக்கிழமைதான் அக்கம்பக்கத்துக் குக்கர் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழும். எந்த வீட்டில் கோழி, எந்த வீட்டில் கருவாடு என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். பேச ஆள் கிடைக்காமல் பேப்பர் போடுகிறவரை நிறுத்திவைத்து மழை வருமா என்று கேட்ட நாள்களும் உண்டு. அவர் வாட்சைப் பார்ப்பார்.

அந்த நரகத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டது கீழ்வீட்டுக் குடும்பம். அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், அதே தொழிற்சாலையில் வேறு பிரிவில் வேலை. ஒருநாள் அவர் மனைவி படிக்கட்டில் நின்று மேலே பார்த்துச் சொன்னாள்: "தனியா என்னத்தப் பொங்கித் திங்கப் போறீங்க? கீழ வாங்கண்ணே." போனேன். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். மூன்றாவது ஞாயிறிலிருந்து கூப்பிடாமலே போனேன். மூன்று வருஷத்துக்கு மேல் என் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அந்த வீட்டில்தான். பன்னிரண்டு மணிக்கே குளித்து, சட்டை மாற்றி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கிவிடுவேன். வாரம் முழுவதும் நான் வாழ்ந்தது அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான். இன்று சொல்வதற்கு வெட்கமில்லை.

எங்கள் பிளாக்கில் கார் வைத்திருந்தது அவர்கள் மட்டும். பழைய வண்டி, வானநீலம். "டாக்டர் வச்சிருந்த வண்டிண்ணே, ஒரே கைதான் மாறியிருக்கு" என்பார் அவர். அதை அவரைவிட அதிகம் சொன்னவள் அவர் மனைவி. அவள் மூன்று பெண்களில் கடைக்குட்டி. மூத்தவளை ரைஸ்மில்காரருக்கும் நடுவுள்ளவளைப் பஸ் முதலாளிக்கும் கட்டிக் கொடுத்தார்கள்; இவளுக்கு வாய்த்தது தொழிற்சாலை வேலைக்காரர். கோயில் திருவிழாவுக்கு இந்த வண்டியில் ஊருக்குப் போய் இறங்கியபோது அக்காமார் இரண்டு பேரும் தெருவுக்கே வந்து பார்த்தார்களாம். "டாக்டர் வண்டியாம்ல!" என்று பெரிய அக்கா பானெட்டைத் தடவிப் பார்த்தாளாம். ரசம் ஊற்றும்போதெல்லாம் இந்தக் கதை வரும். குறைந்தது இருபது தடவை கேட்டிருப்பேன். இருபது தடவையும் முகத்தைப் புதிதாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன். சோறு போடுகிற இடத்தில் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை. வானகரம் பக்கம் ரோட்டை அகலப்படுத்திப் புதிதாகத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்கு வண்டியில் போய்வந்தவர்கள் வரும்போது வண்டியைத் தாரும் பொடிக்கல்லுமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கதவுகளின் கீழ்ப்பாதியிலும் சக்கரத்துக்கு மேலேயும் மிளகு தாளித்துக் கொட்டியதுபோல் புள்ளிகள். அடுத்த வாரம் பெரிய அக்கா முதல் தடவையாக மெட்ராஸ் வருகிறாள். எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியில் அழைத்துவர வேண்டும். தங்கைக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுக்குப் போயா? நான் எதுக்கு இருக்கேன்? ஞாயிற்றுக்கிழமை என்கிட்ட விட்டுருங்க" என்றேன். அந்த வீட்டில் இத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை. முதல் தடவையாக அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன். அந்த வாரம் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

தாரை எடுக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும், தகடு சூடாக இருக்கக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் தேய்க்கும்போது கீறல் விழும். பிறகு பஞ்சை மண்ணெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ நனைத்துப் புள்ளிமேல் ஒற்றி வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும். தார் இளகியதும் மெத்தென்ற துணியால் அழுத்தாமல் எடுக்க வேண்டும், துணியை அடிக்கடி மடித்து மாற்றிக்கொண்டே. கடைசியில் சோப்புத் தண்ணீர், அப்புறம் பாலிஷ். எதைப் பூசுவதானாலும் கதவின் உள்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சொட்டு வைத்து முதலில் பார்த்துவிட வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். பேசாமல் காத்திருப்பது மட்டும் என் ஜாதகத்தில் இல்லை.

"மண்ணெண்ணெய் கொண்டாரட்டுமாண்ணே?" என்று அவள் கேட்டாள்.

"அத ஸ்டவ்வுக்கு வச்சுக்கம்மா" என்றேன் பெரிய மனுஷத்தனமாக. அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிய, பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பாட்டில் என் கையில் இருந்தது. எங்கள் பிரிவில் எந்தத் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்தாலும் அது பெரிய அடுப்புக்குள் போய்ச் சூட்டில் வெந்து, கல்லாக இறுகித்தான் வெளியே வரும். அதன்மேல் கறை பட்டால் தின்னர் துணியால் ஒரே இழுப்பு. கறை போய்விடும், பெயிண்ட் அசையாது. என் கை இருபது வருஷம் பழகியது அப்படி. அடுப்பில் வேகாத பெயிண்டும் உலகத்தில் இருக்கிறது, அது தின்னர் பட்டால் கரைந்து ஓடிவிடும் என்பது என் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் ஒரு தொடுதலில் போய்விட்டன. அவரும் மனைவியும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். வாசலில் வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கும் நெமிலிச்சேரிக்காரரும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றார். நான் வாய் ஓயாமல் பேசினேன். சாயம் எப்படி ஒட்டும், எப்படி உரியும், வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தது பாதி, தெரியாதது பாதியாக அளந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் பேச்சைக் கேட்க மூன்று பேர்! வேறென்ன வேண்டும்?

டிரைவர் பக்கக் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு பெரிய தார்க்கட்டி அப்பியிருந்தது. அதன்மேல் தின்னரை நன்றாக ஊற்றித் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் ஊற்றித் தேய்த்தேன். எட்டணா அளவில் இருந்த கறுப்பு உள்ளங்கை அளவு ஆயிற்று. பேச்சு சுவாரஸ்யத்தில் துணியைப் பார்க்காமல் மேலும் தேய்த்தேன்.

"இன்னா சார் இது? தொடைக்கத் தொடைக்க தாரு பெர்சாய்கினே போவுது?" என்று இஸ்திரிக்காரர் சிரித்தார்.

கீழ்வீட்டுக்காரரின் முகம் வெளுத்தது. நான் அதையும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. "போதும்ணே, விடுங்க. தாரு உள்ள ஊறியிருக்கும். வெயில் ஏறுது, வாங்க உள்ள போவோம்" என்று என் தோளைத் தொட்டார்.

அவர் மனைவி அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "தாரு பெயிண்டுக்குள்ள ஊறுமாண்ணே?"

அப்போதுதான் குனிந்து துணியைப் பார்த்தேன். தார் கரைந்தால் துணியில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இறங்கும். என் துணியில் இருந்தது நீலம். கதவில் இருந்ததோ பளபளவென்று கறுப்பு. அந்தக் கறுப்பு தின்னருக்கு அசையவே இல்லை. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. விளங்கிய கையோடு வாயை மூடியிருக்கலாம்.

"பெயிண்டு வேலைன்னு சொல்லிகினு கீறாரு, ஒரு தாரை எட்க்கத் தெர்ல" என்றார் இஸ்திரிக்காரர், விளையாட்டாகத்தான்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "தாராவது மண்ணாவது! இது பெயிண்டுய்யா. அடுப்புல வெந்த ஒரிஜினல் கறுப்பு. மேல இருக்க நீலந்தான் எவனோ பின்னால அடிச்ச ஒட்டு வேலை. நம்பலைன்னா இங்க பாரு!" என்று துணியை நனைத்து வண்டியின் கூரை விளிம்பில் நாலு தேய் தேய்த்தேன். நீலம் வழிந்து மஞ்சள் தெரிந்தது. "பாத்தியா? கீழ கறுப்பு, மேல மஞ்சள்!" ஏதோ வழக்கில் ஜெயித்தவன்போல் நிமிர்ந்தேன்.

கீழே கறுப்பும் கூரையில் மஞ்சளும் என்றால் மெட்ராஸில் என்ன வண்டி என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இஸ்திரிக்காரர் மெல்ல, "டாக்சி பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைத் தேடிப் போய்விட்டார். வம்பை இழுத்துவிட்டவருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"டாக்டர் வண்டின்னீங்க" என்றாள் அவள் கணவரிடம். அவர் தின்னர் பாட்டிலை எடுத்து மூடினார். அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் மாடி ஏறிக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டேன். வழக்கப்படி பன்னிரண்டு மணிக்கு இறங்கக் கால் வரவில்லை. கூப்பிடுவார்கள் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கீழே பாத்திரச் சத்தம்கூட இல்லை. மூன்று மணிக்குச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்தில் நாலைத் தின்று தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் மனம் கேட்காமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். அவர்தான் திறந்தார். "ரெண்டே நாள்ல மறுபடி நீலம் அடிச்சுத் தர்றேன் தம்பி. கண்டே பிடிக்க முடியாது" என்றேன்.

"யாரால கண்டுபிடிக்க முடியாது?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "கறுப்புன்னு எனக்குத் தெரியாதாண்ணே? வாங்குன அன்னைக்கே தெரியும். அக்காமாருக்கு முன்னால அவ ஒரு நாளாவது தலை நிமிந்து நிக்கட்டும்னு ஒரு பொய் சொன்னேன். அவ உங்ககிட்டதான கேட்டா? ஊறும்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"நான் அடுப்புல வெந்த பெயிண்டுன்னு நெனச்சு..." என்று ஆரம்பித்தேன். அவர் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினார்.

பெரிய அக்கா அடுத்த வாரம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது. என்ஜினில் கோளாறு என்று சொன்னார்கள்போல. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த ஞாயிறும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவர் ஒதுங்கி வழி விடுவார். ஆறு மாதத்தில் அந்த வண்டி கைமாறிவிட்டது. அவர்களும் வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து ஆவடி மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். நழுவிவிடலாம் என்று பார்த்தால், அவளே கிட்டே வந்து, "நல்லா இருக்கீங்களாண்ணே? எளச்சுட்டீங்க" என்றாள். ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அங்கேயே கொட்டினேன்.

"நான் அன்னைக்கு வாயத் தொறந்திருக்கக் கூடாதும்மா."

"நீங்க உள்ளதத்தானண்ணே சொன்னீங்க" என்றாள். கூடையில் இருந்த கீரைக்கட்டைச் சரிசெய்தாள். "அந்தக் கறுப்பப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே. மெட்ராஸ் வந்து எத்தன வருசம் ஆச்சு, டாக்சி தெரியாதா? அவரு தலை குனியக் கூடாதுன்னுதான் அவரு முன்னாலயே உங்களக் கேட்டேன். எங்க வீட்டு மனுசந்தான, ஊறும்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

"வரேண்ணே, உடம்பப் பாத்துக்கங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள். ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்.