வகுத்தால் வந்துவிடும்

வாத்தியார் வேலையில் சாக்பீஸ் தூசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வகுப்பு வாத்தியாரின் நல்ல பெயரைப் பொறுக்க முடியாது. என்னோடு சேர்ந்து மாரடிக்கும் சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா?

திருமங்கலத்தில் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது நான். நான்காம் வகுப்பு, என்னைவிட இளையவரான சாமிதாஸுக்கு. பெரிய வாத்தியார் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி எங்கள் இருவரில் ஒருவருக்கு.

வெற்றிலைக் கடையில்

வெற்றிலை போடாமல் எனக்குப் பாடமே ஓடாது. அதை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சாமிதாஸ் புராணம் படித்தார். பெருக்கி வந்த விடையைப் பிள்ளைகள் திரும்ப வகுத்துப் பார்க்கிறார்களாம். பழைய எண் வந்தால் கணக்குச் சரியாம். இது என்ன பெரிய கண்டுபிடிப்பு? எனக்கும்தான் தெரியும்! வயிறு பற்றி எரிந்தது. அந்த மனுஷர் அதோடு விட்டாரா? "எம்புட்டு வெவரமான வாத்தியாரு! ஆமா, நீங்க இன்னும் மூணாங் கிளாசுதானாண்ணே?"

பெரிய வாத்தியார் அறையில்

"ஒரே கணக்கை ரெண்டு தடவை போட்டா பாடம் எப்பய்யா முடியும்?" என்று பெரிய வாத்தியாரிடம் போட்டுக்கொடுத்தேன். சாமிதாஸ் அங்கேயே நின்றார். கோபப்பட்டிருந்தாலாவது சந்தோஷப்பட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நீங்க சொல்லிக் குடுத்த வாய்ப்பாட்டை நம்பித்தான் வகுக்கச் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் வந்த அன்று

வேடிக்கை பார்க்க நானும் நான்காம் வகுப்பு வாசலில் நின்றேன். ஒரு மாலைக்கு நூற்றெட்டுப் பூ, ஏழு மாலைக்கு எத்தனை என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பேச்சியம்மாள் பலகையில் பெருக்கி 757 என்று எழுதினாள். தப்பு! 756 அல்லவா வரவேண்டும்? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் அசரவில்லை. 757-ஐ ஏழால் வகுத்தாள். மீதியே இல்லாமல் 108 வந்து நின்றது! சாமிதாஸ் முகம் வெளிறிப்போனது. போச்சு, நாற்காலி எனக்குத்தான் என்று மனசுக்குள் உட்கார்ந்தே விட்டேன்.

இன்ஸ்பெக்டர் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏழெட்டு எவ்வளவு?" என்றார். வகுப்பு மொத்தமும் ராகம் போட்டு, "அம்பத்தேழு!" என்றது. பெருக்கும்போதும் அதே ஐம்பத்தேழு, வகுக்கும்போதும் அதே. அப்புறம் ஏன் வராது? "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். பேச்சியம்மாளின் விரல் வாசல் பக்கம் நீண்டது. "அந்த சாருதாய்யா. வெத்தலையைக் குதப்பிக்கிட்டே சொன்னாரு, எங்களுக்கு அப்புடித்தான் கேட்டுச்சு."

சாமிதாஸ் இப்போது பெரிய வாத்தியார். எனக்கோ எதை எதால் வகுத்தாலும் மீதி நிற்பது வயிற்றெரிச்சல்தான்.